இரண்டாவது ஆட்டம்: சூதில் தோற்றவர்கள் கற்றதும் கற்காததும்

பாரதக் கதையில தருமர் எத்தனை தரம் சூதாடினார்? கனபேரிடம் கேட்டால் "ஒரு தரம்தானே" எண்டுதான் பதில் வரும். சகுனி பகடையை உருட்டினான், தருமர் நாட்டைத் தோற்றார், தம்பிமாரைத் தோற்றார், திரௌபதையைத் தோற்றார், பிறகு காட்டுக்குப் போனார். நம்மட மனதில் உள்ள கதை இதுதான். ஆனால் வியாச பாரதத்தின் சபா பருவத்தில் ஆட்டம் இரண்டு. வனவாசம் முதல் ஆட்டத்தின் விளைவே இல்லை. அது இரண்டாவது ஆட்டத்தின் விளைவு.

கல்முனைக்காரருக்கு இந்தக் கதை தூரத்துக் கதை அல்ல. மருதமுனைக்கும் கல்முனைக்கும் நடுவில் இருக்கிற பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் கோயில் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் புரட்டாசியில் 18 நாள் திருவிழா. வனவாசம், அருச்சுனன் தவநிலை, கடைசியில் தீமிதிப்பு எண்டு பாரதக் கதையே ஊருக்குள் இறங்கி நடக்கும். வனவாசத்தன்று பாண்டவர் வேடம் தாங்கியவர்கள் தெருவால் போகும்போது, பக்கத்து முஸ்லிம் ஊர் ஆக்களுக்கும் அது என்ன நாள் எண்டு தெரியும். கோயிலோடு சம்பந்தம் இல்லாத என்னைப்போன்ற ஒருவருக்கும் தருமர் சூதில் தோற்ற கதை சின்ன வயதிலிருந்தே பழக்கம். அப்படிப் பழகிய கதையிலேயே இரண்டாவது ஆட்டம் நம்மட ஞாபகத்தில் இல்லாமல் போயிருப்பதுதான் யோசிக்க வைக்கிறது.

சூதில் மோசமாகத் தோற்ற ஒருவர் அந்தத் தோல்வியிலிருந்து எதையாவது கற்க முடியுமா? முடியும் எண்டால் எதை, எப்போது? இதற்குப் பழைய கதைகளிலும் வரலாற்றிலும் ஓரளவு தெளிவான பதில் இருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

இரண்டு ஆட்டங்களுக்கு நடுவில்

முதல் ஆட்டத்தில் தருமர் செல்வம், தேர், யானை, நாடு எண்டு ஒவ்வொன்றாக வைத்துத் தோற்கிறார். பிறகு நகுலன், சகாதேவன், அருச்சுனன், வீமன், அதற்குப் பிறகு தன்னையே வைத்துத் தோற்கிறார். கடைசியாகத் திரௌபதையை வைக்கிறார். இந்த வரிசையைக் கவனியுங்க. தோற்கத் தோற்க வைக்கிற பொருளின் பெறுமதி கூடிக்கொண்டே போகிறது. ஒரு இடத்திலும் அவர் நிறுத்தி மூச்சு விடவில்லை.

சபைக்கு இழுத்து வரப்பட்ட திரௌபதை ஒரு கேள்வி கேட்கிறாள். அவர் முதலில் தோற்றது தன்னையா, என்னையா? தன்னையே தோற்ற ஒருவருக்கு இன்னொருவரைப் பணயம் வைக்க என்ன உரிமை? சபையில் இருந்த பெரியவர்களால் அதற்கு நேரான பதில் சொல்ல முடியவில்லை. கடைசியில் திருதராட்டிரன் பயந்துபோய் அவளுக்கு வரம் கொடுக்கிறான். முதல் வரத்தில் தருமரையும், இரண்டாவது வரத்தில் மற்ற நால்வரையும் மீட்கிறாள். மூன்றாவது வரமும் கேள் எண்டு சொன்னபோது "போதும்" என்கிறாள். அந்த மண்டபம் முழுவதிலும் எங்கே நிறுத்த வேண்டும் எண்டு தெரிந்திருந்த ஒரே ஆள் அவள்தான் எண்டு எனக்குப் படுகிறது.

அதன் பிறகு திருதராட்டிரன் இழந்த எல்லாவற்றையும் திருப்பிக் கொடுக்கிறான். நாடு, செல்வம், ஆயுதம் எல்லாம் கைக்கு வந்துவிட்டன. பாண்டவர் இந்திரப்பிரத்தத்தை நோக்கிப் புறப்பட்டும் விட்டார்கள். சூதாடித் தோற்றவனுக்கு உலகத்தில் கிடைக்காத ஒன்று தருமருக்குக் கிடைத்தது. கணக்கு பூச்சியத்துக்கு வந்தது.

பாதி வழியில் ஆள் வருகிறது. இன்னொரு ஆட்டத்துக்கு அழைப்பு. தருமர் திரும்பிப் போகிறார். அழைப்பை மறுப்பது அரசனுக்கு அழகல்ல, பெரியப்பாவின் சொல்லைத் தட்ட முடியாது, விதியை யாரால் வெல்ல முடியும் எண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன. இம்முறை ஒரே வீச்சு. தோற்றவர் 12 வருடம் காடு, 1 வருடம் மறைந்து வாழ்வது. சகுனி வீசினான், தருமர் தோற்றார்.

முதல் ஆட்டத்தில் சகுனியின் கை எப்படிப்பட்டது எண்டு தெரியாது என்றாவது ஒரு சமாதானம் சொல்லலாம். இரண்டாவது ஆட்டத்துக்கு அந்தச் சமாதானம் இல்லை. அதே எதிராளி, அதே பகடை, ஒரு நாள்கூட ஆறாத புண். தோல்வி பாடம் கற்பிக்கும் எண்டு நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். தருமர் அளவுக்கு முழுமையாகத் தோற்றவர் யாரும் இல்லை. ஆனாலும் அது அவருக்கு அந்த நேரத்தில் ஒன்றையும் கற்பிக்கவில்லை.

பழையவர்கள் கண்டது

தோற்றவன் ஏன் திரும்பிப் போகிறான் என்பது ரொம்பப் பழைய கேள்வி. இருக்கு வேதத்தின் பத்தாவது மண்டலத்தில் 34ஆவது பாடல் ஒரு சூதாடியின் வாயால் சொல்லப்படுகிறது. அந்தக் காலப் பகடை, தான்றி மரத்தின் கொட்டை. அந்தச் சூதாடிக்கு எல்லாம் தெரியும். மனைவி விலகிவிட்டாள், மாமியார் வெறுக்கிறாள், கடன் கொடுப்பார் இல்லை. இனிப் போகமாட்டேன் எண்டு முடிவும் எடுக்கிறான். கொட்டைகள் பலகையில் விழுகிற சத்தம் கேட்டதும் கால் அந்தப் பக்கம் போய்விடுகிறது. அறிவில்லாததால் அவன் ஆடவில்லை. தெரிந்துகொண்டே ஆடுகிறான்.

திருக்குறளில் 94ஆவது அதிகாரம் சூது. அதில் இரண்டு குறள்கள் நம்மட கடலோர ஆக்களுக்கு உடனே விளங்கும். முதல் குறள், வெற்றியைத் தூண்டிலில் மீன் விழுங்கிய இரும்போடு ஒப்பிடுகிறது. கரைவலைத் தோணியும் தூண்டிலும் பார்த்து வளர்ந்தவனுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. கடைசிக் குறள் இன்னும் ஆழமானது. உடம்பு துன்பப்படப்பட உயிர்மேல் ஆசை கூடுவதுபோல, பொருளை இழக்க இழக்கச் சூதின்மேல் ஆசை கூடும் என்பது அதன் கருத்து. அதாவது அதிகாரம் வெற்றியின் மயக்கத்தில் தொடங்கித் தோல்வியின் மயக்கத்தில் முடிகிறது. வென்றவனை விடத் தோற்றவன்தான் மேசையோடு கூடுதலாக ஒட்டிக்கொள்கிறான் எண்டு வள்ளுவர் கண்டிருக்கிறார்.

அரபு நாட்டில் இஸ்லாத்துக்கு முன் இருந்த சூதுக்குப் பெயர் மைசிர். ஒட்டகத்தை அறுத்துப் பங்கு வைத்து, பையிலிருந்து அம்புகளை எடுத்துப் பார்ப்பார்கள். மொத்தம் பத்து அம்பு. ஏழுக்குப் பங்கு உண்டு, மூன்று வெறும் அம்பு. தோற்றவர்கள் ஒட்டகத்தின் விலையைக் கொடுக்க வேண்டும். வென்றவர்கள் இறைச்சியை ஏழைகளுக்குக் கொடுப்பது பெருமையாகக் கருதப்பட்டது. அல்பகறா அத்தியாயத்தின் 219ஆவது வசனம் மதுவையும் சூதையும் பற்றிப் பேசும்போது, அதில் மனிதருக்குச் சில பயன்கள் உண்டு, ஆனால் கேடு அதைவிடப் பெரிது என்ற கருத்தில்தான் பேசுகிறது. பிறகு அல்மாயிதா அத்தியாயத்தின் 90, 91ஆவது வசனங்களில் முழுத் தடை வருகிறது. ஆக்களுக்கிடையில் பகையும் வெறுப்பும் உண்டாகும் என்பது அங்கே சொல்லப்படுகிற காரணங்களில் ஒன்று. நம்மட ஊரில் "சூது ஹராம்" என்பதைத் தெரியாத பிள்ளை இல்லை. ஆனால் ஏன் என்ற இந்தப் பகுதியை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. பயன் ஒன்றும் இல்லை எண்டு அங்கே சொல்லப்படவில்லை. பயனையும் கேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடை போட்டுத்தான் சொல்லப்படுகிறது.

தோல்வியை எழுதி வைத்த வைத்தியர்

எடை போடுகிற இந்த வேலையை எண்களால் செய்யத் தொடங்கியவர்களில் முக்கியமானவர், தானே சூதாடியாக இருந்த ஒரு இத்தாலியர். ஜெரோலாமோ கார்டானோ, 1501இல் பிறந்தவர், தொழில் வைத்தியம், கணிதத்திலும் பெரிய பெயர். சதுரங்கம் 40 வருடங்களுக்கு மேல், பகடை ஏறத்தாழ 25 வருடம் எண்டு தன் வாழ்க்கை வரலாற்றில் அவரே வெட்கத்தோடு எழுதி வைத்திருக்கிறார்.

அதே நூலில் வெனிஸ் நகரத்தில் நடந்த ஒரு ஆட்டத்தையும் சொல்கிறார். ஒரு பெரிய மனிதரின் வீட்டில் காட்ஸ் ஆடி, இரண்டு நாளில் காசு, மோதிரம், உடுப்பு வரை தோற்கிறார். பிறகுதான் காட்ஸில் அடையாளம் போட்டிருப்பதைக் காண்கிறார். கத்தியால் அந்த மனிதரின் முகத்தில் கீறிவிட்டு, தன் பொருட்களை அள்ளிக்கொண்டு வெளியே ஓடுகிறார். அன்று இரவு தண்ணீருக்குள் தவறி விழுந்து, ஒரு படகில் ஏறித் தப்புகிறார். அந்தப் படகில் முகத்தில் கட்டோடு அதே மனிதர்! சினிமாக் கதை மாதிரி இருந்தாலும் இதைச் சொல்வது அவரேதான்.

அந்த இரவு கார்டானோவுக்குச் சூதை விடக் கற்றுக் கொடுக்கவில்லை. ஆனால் அவர் இன்னொன்று செய்தார். மேசையிலிருந்து எழுந்து வந்து எழுதினார். ஒரு பகடைக்கு ஆறு முகம், இரண்டு பகடைக்கு 36 வகை விழுகை எண்டு எண்ணி, நடக்கக்கூடிய எல்லாவற்றிலும் நமக்குச் சாதகமானது எத்தனை எண்டு பார்க்கிற முறையை ஒரு நூலாக எழுதினார். நிகழ்தகவைப் பற்றிய முதல் நூல்களில் ஒன்று அது. 1576இல் அவர் இறந்து 87 வருடங்களுக்குப் பிறகு, 1663இல்தான் அது அச்சானது. மேசையில் தோற்றதைக் கணக்குப் பண்ணிப் பார்த்த அந்த மனிதர் கடைசியில் சொன்ன ஆலோசனையின் சாரம், ஆடாமல் இருப்பதுதான் ஆகப் பெரிய இலாபம் என்பது.

ஒரு இரவு எதைச் சொல்லாது?

அடுத்த நூற்றாண்டில், 1654இல், பிரான்சில் செவாலியே த மெரே என்பவர் பாஸ்கல் என்ற கணித அறிஞரிடம் ஒரு குழப்பத்தைக் கொண்டு போனார். ஒரு பகடையை 4 தரம் உருட்டினால் ஒரு ஆறாவது விழும் எண்டு பந்தயம் கட்டுவது இலாபம். அப்படியானால் இரண்டு பகடையை 24 தரம் உருட்டினால் ஒரு இரட்டை ஆறாவது விழும் எண்டு கட்டுவதும் அதே அளவு இலாபமாகத்தானே இருக்க வேண்டும்? 6க்கு 4, 36க்கு 24, விகிதம் ஒன்றுதானே?

விகிதம் ஒன்றுதான், ஆனால் பலன் ஒன்றல்ல. முதல் பந்தயத்தில் வெல்லும் வாய்ப்பு 51.77 சதவீதம். இரண்டாவதில் 49.14 சதவீதம். ஒன்று மெல்ல மெல்லக் காசு சேர்க்கும், மற்றது மெல்ல மெல்லக் கரைக்கும். இந்தக் கேள்வியோடு சேர்ந்த இன்னொரு கேள்வியை வைத்துப் பாஸ்கலும் பெர்மாவும் எழுதிக்கொண்ட கடிதங்களிலிருந்துதான் நிகழ்தகவுக் கணிதம் வளர்ந்தது.

த மெரே இரட்டை ஆறில் காசை இழந்து இழந்துதான் இதைக் கண்டுபிடித்தார் எண்டு ஒரு கதை சொல்வார்கள். கொஞ்சம் கணக்குப் பாருங்க. 50 சதவீதத்துக்கும் 49.14 சதவீதத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றுக்கும் குறைவு. அந்த வித்தியாசத்தை விளையாடிப் பார்த்தே ஓரளவு நிச்சயமாகச் சொல்ல வேண்டுமெண்டால் ஏறத்தாழ 13,500 ஆட்டம் ஆட வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 24 உருட்டு. ஒரு மனிதர் ஒரு இரவில் தோற்றதை வைத்து இதைக் கண்டிருக்க வழியில்லை. அவர் அதைக் கண்டது மேசைக்கு வெளியே, கணக்கில்.

இதில் உள்ள செய்தி முக்கியம். நேற்றிரவு தோற்றது நான் பிழையாக ஆடியதாலா, அல்லது நன்றாக ஆடியும் விழுகை சரியில்லாததாலா என்பதை நேற்றிரவின் முடிவு மட்டும் சொல்லாது. "இன்றைக்கு என்ட நாள் இல்லை, நாளைக்குப் பார்ப்பம்" என்பவனும், "நான் ஒண்டுக்கும் லாயக்கில்லை" என்பவனும் ஒரே பிழையைத்தான் செய்கிறார்கள். இருவரும் ஒரு இரவின் முடிவிலிருந்து ஒரு பெரிய உண்மையைப் பிடுங்கப் பார்க்கிறார்கள்.

போக்கர் மேசையில் ஒரு இரண்டாமிடம்

இந்த உண்மையைத் தங்கட தொழிலுக்கே அடிப்படையாக வைத்திருக்கிறவர்கள் போக்கர் ஆட்டக்காரர். 1988இல் லாஸ் வேகாஸில் நடந்த உலக போக்கர் தொடரின் இறுதி ஆட்டத்தில் எரிக் சைடல் என்பவர், முந்தைய வருடச் சம்பியன் ஜொனி சானுக்கு எதிராக இருந்தார். சைடல் அதற்கு முன் பேக்கமன் ஆடிப் பழகியவர், இந்த மேசைக்குப் புதியவர். நடுவில் விழுந்த மூன்று காட்ஸ் 8, 10, குயீன். சைடலிடம் ஒரு குயீன் இருந்தது, சோடி சேர்ந்தது. சானிடம் இருந்தது 9உம் ஜாக்கும். 8, 9, 10, ஜாக், குயீன் எண்டு வரிசை முழுசாகிவிட்டது. ஆனால் சான் பலமில்லாதவர் மாதிரிச் சும்மா இருந்தார். சைடல் எல்லாவற்றையும் மேசைக்குத் தள்ளினார். எல்லாம் போனது. 1998இல் வந்த ரவுண்டர்ஸ் என்ற படத்தில் அந்தக் காட்சி காட்டப்பட்டதால், அவர் தோற்றதை உலகமே திரும்பத் திரும்பப் பார்த்தது.

ஆனால் சைடலின் கதை அங்கே முடியவில்லை. பிறகு அந்தத் தொடரின் பட்டங்களைப் பத்துத் தரம் வென்றார். போக்கர் உலகில் இவர் மதிக்கப்படுவதற்குக் காரணம், தோற்ற பிறகும் அமைதி குலையாதவர் என்பதுதான். அந்த உலகத்தில் "டில்ட்" எண்டு ஒரு சொல் உண்டு. பின்போல் மெஷினைக் கோபத்தில் போட்டுக் குலுக்கினால் "டில்ட்" எண்டு காட்டி மெஷின் நின்றுவிடும். தோற்ற கோபத்தில் புத்தி அப்படி நின்றுபோவதற்கும் அதுவே பெயர். 1979இல் டானியல் கானமன், அமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் எழுதிய புகழ்பெற்ற ஆய்வும் இதைத்தான் தொடுகிறது. தன் இழப்போடு சமாதானம் ஆகாதவன், சாதாரணமாகத் தொடவே மாட்டாத பந்தயங்களையும் தொடுவான் என்பது அதில் வருகிற ஒரு கருத்து. தருமரைப் பற்றி எழுதிய மாதிரியே இருக்கும்.

ஆனாலும் சைடலைக் காட்டி "பாத்தியா, தோல்வி மனுசன வளர்க்கும்" எண்டு முடித்துவிட முடியாது. இரண்டு காரணம். ஒன்று, தோற்றுவிட்டு மேலே வந்த சைடலின் பெயர்தான் நமக்குத் தெரியும். அதேபோல் தோற்று அப்படியே மறைந்துபோனவர்களின் பெயரை ஒருவரும் எழுதி வைக்கவில்லை. மற்றது, மேசை நடத்துகிறவர் ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு பங்கை எடுத்துக்கொள்வார். ஒரு உதாரணத்துக்கு, ஆறு பேர் ஆளுக்கு 5,000 ரூபா கொண்டு வந்தால் மேசையில் 30,000. இரவு முழுதும் பந்தயமாக மொத்தம் 2 இலட்சம் ரூபா சுற்றி வந்து, அதில் 5 சதவீதம் எடுக்கப்பட்டால், விடியும்போது 10,000 காணாமல் போயிருக்கும். மீதி 20,000ஐ ஆறு பேரும் எப்படிப் பிரித்தாலும், எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் நட்டம்தான். எல்லாரும் தங்கட தோல்வியிலிருந்து நன்றாகக் கற்றுக்கொண்டு வந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

நளன் என்ற ஆசை

தோற்றவன் ஒவ்வொருவனுக்குள்ளும் ஒரு நளன் இருக்கிறான். நளன் கதை வன பருவத்தில் வருகிறது. காட்டில் தருமர், என்னைப்போல் துரதிர்ஷ்டசாலி யாராவது உண்டா எண்டு கேட்க, பிருகதசுவர் என்ற முனிவர் சொல்கிற கதை அது. தமிழில் புகழேந்தியின் நளவெண்பாவால் நமக்குப் பழக்கம்.

நளனுக்குள் கலி புகுந்துவிடுகிறான். பழைய பகடை ஆட்டத்தில் ஆக மோசமான விழுகைக்கும் கலி என்றே பெயர். நாட்டு மக்களும் அமைச்சரும் வாசலில் வந்து நின்று கூப்பிட்டும் நளன் காது கொடுக்கவில்லை. தமயந்தி நிலைமை விளங்கி, பிள்ளைகளைத் தேரில் ஏற்றித் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுகிறாள். போக்கர்காரர் டில்ட் என்பதைப் பழைய கதை கலி என்கிறது. பார்த்த விசயம் ஒன்றுதான்.

எல்லாம் தோற்ற பிறகு புட்கரன் கேட்கிறான், மீதி இருப்பது தமயந்திதானே, அவளை வை. இங்கே நளன் தருமரிடமிருந்து பிரிகிறான். அவன் வைக்கவில்லை. நகைகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஒரே உடுப்போடு எழுந்து வெளியே போகிறான். கலி உள்ளே இருக்கும்போதே எழுந்து போகிறான். பிறகு தேரோட்டியாக வேலை செய்து, இருதுபன்னன் என்ற அரசனிடம் பகடையின் இரகசியத்தைக் கற்கிறான். அந்த அரசன் ஒரு தான்றி மரத்தின் இலையையும் காயையும் பார்த்த மாத்திரத்தில் எண்ணிச் சொல்கிறான். நளன் மரத்தையே வெட்டி எண்ணிப் பார்க்கிறான், கணக்கு சரி. அந்த எண்ணும் வித்தை கைக்கு வந்ததும்தான் கலி அவனை விட்டுப் போகிறான்.

கதை பிறகு நளனை மறுபடி புட்கரன் முன் உட்கார வைத்து, ஒரே வீச்சில் நாட்டை வாங்கிக் கொடுக்கிறது. வியாசரின் கதையில் அந்தக் கடைசி ஆட்டத்தில் நளன் தமயந்தியையும் சேர்த்தே பணயம் வைக்கிறான். எனக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை. ஆனால் அதுதான் எல்லாருக்கும் பிடித்த பகுதி. "நானும் படிச்சிட்டு வந்து எல்லாத்தையும் திருப்பி எடுப்பன்." அந்த ஆசையில், நடுவில் கழிந்த வருடங்களும், மரத்தடியில் எண்ணியதும், ஒரே வீச்சோடு நிறுத்தியதும் மறந்துபோகும்.

நளன் கதையின் முடிவில் பிருகதசுவர் அதே வித்தையைத் தருமருக்கும் கற்றுக் கொடுக்கிறார். 13ஆவது வருடத்தில் தருமர் விராட ராசன் சபையில் கங்கன் என்ற பெயரில், அரசனோடு பகடை ஆடும் துணையாக வேலை செய்கிறார். கற்றுவிட்டார். ஆனால் அந்த வித்தையை வைத்து நாட்டைத் திருப்பி எடுக்க முடியவில்லை. அதற்கு 18 நாள் போர் தேவைப்பட்டது. பாண்டிருப்பின் 18 நாளும் அந்தக் கணக்குத்தான்.

மூடாத மேசை

தருமருக்கும் நளனுக்கும் கார்டானோவுக்கும் பொதுவான ஒன்று உண்டு. அவர்களின் மேசைக்கு ஒரு இடம் இருந்தது. எழுந்தால் வெளியே ஒரு வாசல் இருந்தது. இலங்கையில் 1889ஆம் ஆண்டு சூதாட்டக் கட்டளைச் சட்டமும் அப்படி ஒரு இடத்தை மனதில் வைத்துத்தான் எழுதப்பட்டது. பொதுமக்கள் போய்வரும் இடத்தில் பந்தயம் வைத்து ஆடுவது, சூதாட்ட வீடு நடத்துவது எண்டுதான் அது பேசும். 2010இல் கசினோக்களுக்குத் தனிச் சட்டம், 2025இல் சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகார சபைக்கான சட்டம் எண்டு பிறகு வந்தன. இதற்கிடையில் மேசை போனுக்குள் வந்துவிட்டது.

தமிழ்நாட்டில் நடந்ததைப் பார்த்தால் இது எவ்வளவு சிக்கல் எண்டு விளங்கும். ஒன்லைன் சூதுக்கு எதிராகக் கொண்டுவந்த சட்டத்தை 2021 ஓகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் இரத்துச் செய்தது. பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைத்து, புதிய சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் பெற்றது. அதே வருட நவம்பரில் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள், அவற்றுக்கு முழுத் தடை செல்லாது எண்டு தீர்ப்பு வந்தது. 2025இல் அரசு இன்னொரு வழியில் வந்தது. காசு வைத்து ஆடும் ஒன்லைன் ஆட்டங்களுக்குள் இரவு 12 மணியிலிருந்து காலை 5 மணி வரை யாரும் நுழைய முடியாது எண்டு விதி. அந்த விதியை 2025 ஜூனில் அதே நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஓகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் காசு ஆட்டங்களையே மொத்தமாகத் தடை செய்துவிட்டது.

எனக்கு அந்த ஐந்து மணித்தியாலம்தான் பெரிய விசயமாகத் தெரிகிறது. திறமையா அதிர்ஷ்டமா என்ற வாதம் நீதிமன்றத்தில் வருடக்கணக்காகப் போகலாம். ஆனால் தோற்றவனுக்கும் இரண்டாவது ஆட்டத்துக்கும் நடுவில் ஒரு இரவு வேண்டும் எண்டு அந்த விதி சொன்னது. இந்திரப்பிரத்தத்துக்குப் போகும் வழியில் தருமருக்குக் கிடைக்காமல் போன நேரம் அது.

நம்மட ஊர்ப் பொடியன்மாரின் போன்களுக்கு அப்படி ஒரு விதியும் இல்லை. கிரிக்கெட் மெச்சுக்குப் பந்தயம், போனில் காட்ஸ், இதெல்லாம் இங்கே இல்லை எண்டு நடிப்பதில் பயன் இல்லை. அதோடு நம்மட ஊருக்கே உரிய ஒரு சிக்கலும் சேர்கிறது. ஹராம் எண்டு எல்லாருக்கும் தெரிந்ததால், தோற்றவன் வாப்பாவிடம் சொல்ல மாட்டான், காக்காவிடம் சொல்ல மாட்டான், பள்ளிப் பக்கம் வாயே திறக்க மாட்டான். ஆடியது ஒரு பாவம் எண்டால், சொல்வது இன்னொரு அவமானம். சொல்லாமல் அந்தக் குழியை மூட அவனுக்குத் தெரிகிற ஒரே வழி இரண்டாவது ஆட்டம்.

தருமர் சபைக்கு நடுவில் தோற்றார். அதனால்தான் ஒருத்தி எழுந்து கேள்வி கேட்க முடிந்தது. அந்தக் கேள்விதான் ஆட்டத்தை ஒரு தரமாவது நிறுத்தியது. விடியச்சாமம் 2 மணிக்குப் போர்வைக்குள் தோற்கிறவனிடம் யார் கேட்பது? தடையை நாம் சொல்லத்தான் வேண்டும், அதில் மாற்றமில்லை. ஆனால் தோற்ற ஒருவன் மறுநாள் காலையில் வந்து "மச்சான், இவ்வளவு போயிட்டுது" எண்டு சொல்ல ஒரு ஆள் இருக்க வேண்டும். அந்த ஆள் ஏசுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: எவ்வளவு போனது என்பதை விடு, அடுத்த ஆட்டத்துக்கு எதை வைக்கப் போறாய்?